முழங்கால் தேறும் வகை



கபடிக் களத்தில் ஓடிவரும் ஒருவன் சட்டென்று திரும்புகிறான். பாதம் மண்ணில் ஊன்றியபடி இருக்க, உடல் மட்டும் திரும்பிவிடுகிறது. 'டப்' என்றோர் ஓசை. சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடுகிறது. எவரும் அவனை இடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் பெரும்பாலும் இவ்விதமே அறுகிறது.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். முழங்காலில் பெரிய தசைநார்கள் நான்கு. இரண்டு பக்கங்களில் காவல் நிற்கின்றன. இரண்டு மூட்டின் உள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. பக்கத்து நார்களுள் உட்புறத்தது கிழிந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். உள்ளிருக்கும் முன் குறுக்கு நார் அவ்வளவு எளிதில் கூடுவதில்லை.

ஆயினும் நான் சொல்ல வந்தது நாரைப் பற்றியன்று, தொடையைப் பற்றி. மூட்டு வீங்கியதும், அங்கிருந்து எழும் நரம்புச் செய்தி தொடையின் முன்புறத் தசையை அடக்கிவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் அத்தசை முழுமையாக இறுகாது. உழைக்காத தசை சில வாரங்களில் மெலிந்துவிடும். என் பள்ளியில் பயின்ற கபடி வீரன் ஒருவன் அடிபட்ட ஆறாம் வாரத்தில், தையற்காரரின் அளவு நாடாவால் அவன் தொடைகளை அளந்தேன். இரண்டிற்கும் மூன்று சென்டிமீட்டர் வேற்றுமை இருந்தது! காவலாகிய தசை இப்படி இளைத்துக் கிடக்க, நாரை மட்டும் செப்பனிட்டு என்ன பயன்?

இதனை நன்குணர்ந்தவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர். இளமையில் வாதக் காய்ச்சலால் படுத்து, பளு தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது, முழங்கால் காயமுற்ற வீரர்களின் பாதத்தில் இரும்புக் காலணி பூட்டி, அதில் எடை ஏற்றி, தொடைத் தசையை உழைக்கச் செய்தார். வலிமை ஏற ஏற எடையையும் கூட்டினார். 1945-இல் அம்முறையை வெளியிட்டார்.

இன்று இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் முதற்பயிற்சி மிக எளியது. சுருட்டிய துண்டை முழங்காலின் கீழ் வைத்து, அதை அழுத்தியவாறு ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்க வேண்டும். இளைஞர்கள் இதை அற்பமென்று விட்டுவிடுகிறார்கள். அடக்கப்பட்ட தசையை எழுப்புவது இதுவேயன்றோ? வீக்கம் வடிந்து, கால் முழுதும் நீண்டபின், மிதிவண்டி, படியேற்றம், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியன வரும். அறுந்த நாரில் மூட்டின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகளும் இருந்தன. அவ்வுணர்வை மீட்கவே ஒற்றைக் கால் நிலை.

அறுவை செய்தால் போதாதா என்பீர்கள். சுவீடனில் 121 இளைஞரை ஆராய்ந்து 2010-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். ஒரு சாராருக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு சாராருக்கு முதலில் பயிற்சி, தேவையாயின் பின்னர் அறுவை. இரண்டாண்டுக்குப் பின் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். மறு சாராரான 59 பேருள் 23 பேரே அதற்குள் அறுவைக்குச் சென்றனர். அறுவையே வேண்டாவென்று இதற்குப் பொருளன்று. பயிற்சிக்குப் பின்னும் மூட்டு நழுவுவோர்க்கு அது வேண்டும்.

என் மாணவனுக்கு அறுவை நடந்தது. வலி முற்றும் நீங்கி, ஐந்தாம் மாதம் மாவட்டப் போட்டிக்கான படிவத்தோடு வந்தான். வேறிடத்துத் தசைநாணை எடுத்து வைத்த புது நார், முதல் வாரங்களில் வலுக்குன்றி, இரத்தக் குழாய்கள் புகுந்த பின்னரே மெல்ல முதிர்கிறது. வலிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. நான் கையொப்பமிடவில்லை. இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. ஒன்பது மாதம் வரை, களம் திரும்புவதை ஒத்திவைத்த ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைப் பாதியளவு குறைத்ததாக 2016-இல் நார்வே நாட்டு ஆய்வொன்று கண்டது.

மாதக் கணக்கோடு வலிமைக் கணக்கும் வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்தை அளப்பர். அடிபட்ட கால், நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறேனும் எட்ட வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓய்ந்திருந்த மாதங்களில் நல்ல காலும் சிறிது வலுவிழந்திருக்கும். ஆதலின் அதன் அளவைத் தொடக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்வது நன்று.