கால் நனைக்காமல் திரும்பிய கடற்கரை

டவல், சன்ஸ்கிரீன் எல்லாம் எடுத்துக்கிட்டு பீச்சுக்குப் போய், கால்கூட நனைக்காமல் திரும்பி வந்திருக்கீங்களா? நான் வந்திருக்கேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

இடம் சைப்ரஸ். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கே இருக்கிற தீவு. முதல் மூணு நாள் எல்லாரும் போற இடங்களுக்குத்தான் நானும் போனேன்: அயியா நாபாவில் நிஸ்ஸி பீச், பாஃபோஸில் ரோமானியர் காலத்து மொசைக் தரைகள், காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி பிறந்ததாகச் சொல்ற கடற்பாறை. போட்டோ எல்லாம் நல்லா வந்துச்சு. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை.

நாலாவது நாள் தெரீனியாங்கிற ஊரில், ஒரு வீட்டு மாடியில் ரூம் எடுத்தேன். அங்கிருந்து பார்த்தா தூரத்தில் கடல், கடலோரமா வரிசையா பெரிய பெரிய ஹோட்டல்கள். ராத்திரி மறுபடி பார்த்தேன். ஒரு ஜன்னலில்கூட விளக்கு இல்லை.

அதுதான் வரோஷா. ஃபமகுஸ்தா நகரத்தோட கடற்கரைப் பகுதி. 1970களின் தொடக்கத்தில் சைப்ரஸிலேயே பெரிய பீச் ரிசார்ட் அதுதான். 1974 ஜூலையில், கிரீஸின் ராணுவ ஆட்சி தூண்டிவிட்டு சைப்ரஸில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. அஞ்சே நாளில் துருக்கி படையெடுத்து வந்தது. ஆகஸ்ட்டில் அந்தப் படை நெருங்கினதும், வரோஷாவில் இருந்த கிரேக்க சைப்ரஸ் மக்கள் ஊரை விட்டு ஓடினாங்க. ராணுவம் வேலி போட்டு ஊரையே மூடிடுச்சு. தீவு வடக்கு, தெற்குன்னு பிரிஞ்சது. நடுவில் சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. காவல் காக்கிற பகுதி.

அந்த ஊர்க்காரங்களைத் தவிர வேற யாரையும் அங்கே குடியமர்த்தக் கூடாதுன்னு 1984ல் ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானமே போட்டது. 2020 அக்டோபரில் வடக்கு நிர்வாகம் சில தெருக்களையும் கடற்கரையையும் மட்டும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டது.

எங்க ஹவுஸ் ஓனர் அம்மா பிறந்து வளர்ந்தது வரோஷாவில்தான். ஓடி வந்தப்போ வயசு 17. "ரெண்டு நாள்ல திரும்பிடலாம்னு நினைச்சோம். துவைச்ச துணி கொடியிலேயே காயட்டும்னு விட்டுட்டு வந்தோம்"னு சொன்னாங்க. தெரீனியாவிலேயே ஒரு செக்போஸ்ட் இருக்கு, 2018ல் திறந்தது. ஆனா அவங்க ஒரு தடவைகூட அதைத் தாண்டிப் போனதில்லை. "என் வீட்டுக்குப் போக நான் எதுக்குப் பாஸ்போர்ட் காட்டணும்?"

மறுநாள் காலையில் நான் காட்டினேன். சில நிமிஷத்தில் வடக்குப் பக்கம் போயிட்டேன்.

டாக்ஸி பிடிச்சு முதல்ல சலாமிஸ் போனேன். டிரைவர் துருக்கிய சைப்ரஸ்காரர். அவரோட அப்பாவுக்கு சொந்த ஊர் பாஃபோஸ். நான் மொசைக் பார்த்த அதே ஊர். பிரிவினையில் வடக்குக்கு வந்தவர், அங்கே இருந்த வீடு போனது போனதுதான். இழப்பு ரெண்டு பக்கமும் இருக்கு.

சலாமிஸ் பழங்கால நகரம். பளிங்குத் தூண்கள், தலையில்லாத சிலைகள், ரோமானியர் கட்டின பெரிய நாடக அரங்கம். இடிபாடுகளை ஒட்டியே கடல். நிலநடுக்கம், அப்புறம் 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படையெடுப்புன்னு அடி மேல அடி விழுந்து, மக்கள் அந்த ஊரைக் கைவிட்டுட்டு தெற்கே போனாங்க. அவங்க போய்ச் சேர்ந்த இடம்தான் ஃபமகுஸ்தாவா வளர்ந்தது. அங்கே அகழாய்வு நடந்துக்கிட்டு இருந்தது. 1974 போரோட அதுவும் நின்னுபோச்சு.

தூண்களைப் பார்த்துட்டு நேரா கடலில் இறங்கினேன். ஒரு மணி நேரம் ஜாலியா நீந்தினேன்.

திரும்பி வர்ற வழியில் ஃபமகுஸ்தா கோட்டைக்குள்ள ஒரு நடை. பிரெஞ்சு பாணியில் கட்டின 14ஆம் நூற்றாண்டு தேவாலயம், 1571ல் ஆட்டோமான்கள் ஊரைப் பிடிச்ச பிறகு மசூதி ஆச்சு. கோபுரத்தில் ஒரு மினாரெட், வாசலில் ஒரு பழைய அத்தி மரம்.

சாயங்காலம் வரோஷா. வாசலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குது. தார் ரோடு மட்டும் புதுசு. ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, உள்ளே போகக் கூடாதுன்னு போர்டு. மங்கிப்போன கடைப் பலகைகள், பால்கனியைப் பிளந்து வளர்ந்த மரங்கள். தெரு முடியற இடத்தில் பீச். குடை, சாய்வு நாற்காலி எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. குழந்தைங்க குளிக்கிறாங்க. பின்னாடி ஜன்னல் இல்லாத ஹோட்டல்கள்.

சாலை ஓரத்திலேயே நின்னுட்டேன். காலையில் யோசிக்காம நீந்தினவனுக்கு இப்போ கால் நகரலை. சலாமிஸும் ஜனங்க ஓடிப்போன ஊர்தானே? ஆனா அங்கே என்னைக் கேள்வி கேட்க யாரும் மிச்சமில்லை. இங்கே கேட்கக்கூடியவங்க சில கிலோமீட்டர் தூரத்தில், எனக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாங்க. ஒரு ஊர் எத்தனை வருஷம் கழிச்சு 'டூரிஸ்ட் ஸ்பாட்' ஆகலாம்? 50? 500? எனக்குப் பதில் கிடைக்கலை. குளிக்காம திரும்பிட்டேன்.

ராத்திரி அந்தம்மா கேட்டது ஒரே கேள்விதான். "மணல் இன்னும் அதே மாதிரி மெல்லிசா இருக்கா?"

"தெரியலைங்க. மனசு வரலை, இறங்கலை"ன்னு சொன்னேன். பாராட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "அவ்வளவு தூரம் போயிட்டு இறங்காம வந்தியா? இறங்கியிருந்தா, தண்ணி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

என் மனசாட்சி அவங்களுக்கு எந்த உபயோகமும் இல்லைன்னு அப்போதான் உறைச்சது. அங்கே போகப் போறேன்னு அவங்களுக்கு முந்தின நாளே தெரியும். "நான் குளிக்கலாமா?"ன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாத்தையும் நானே யோசிச்சு, நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

நீங்க போறதா இருந்தா ரெண்டு விஷயம். சைப்ரஸ் விசாவோட லார்னகா இல்லைன்னா பாஃபோஸ் விமான நிலையம் வழியாப் போங்க. வடக்கு விமான நிலையத்தில் நேரா இறங்கறதை சைப்ரஸ் அரசு சட்டவிரோதமாத்தான் பார்க்குது. தெற்கில் வாடகைக்கு எடுத்த காரின் இன்சூரன்ஸ் வடக்கில் செல்லாது.

அப்புறம், அங்கே ஊரை இழந்த யாரையாவது சந்திச்சா, அவங்களுக்காக என்ன பார்த்துட்டு வரணும்னு கேளுங்க. நான் அதைக் கேட்காம விட்டுட்டேன்.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.