மறதி நோயும் மனநிறைவும்

(பங்கின் பொன்விழாவையொட்டி, முதியோர் தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வயதானவர் ஒருவர் சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்டால், "புத்தி பேதலித்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மருத்துவர்கள் டிமென்ஷியா என்று சொல்வது ஒரே நோயன்று. பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். ஒவ்வொன்றும் தன் வழியில் செல்கிறது. அவ்வழியை அறியாததால் நம் குடும்பங்கள் படும் துயரம் கொஞ்சமன்று.

மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தார். இதில் புதிய நினைவுகளே முதலில் போகின்றன. காலையில் வந்தவர் யாரென்று அறியாத பாட்டி, நாம் செபமாலையைத் தொடங்கினால் கூடவே சொல்லிக்கொண்டு வருவதுண்டு. பல ஆண்டுகளில் மெல்ல இறங்கும் நோய் இது. இரத்தக் குழாய்க் கோளாறினால் வரும் மறதியோ பெரும்பாலும் படிக்கட்டில் இறங்குவது போன்றது: சிறு பக்கவாதம், ஒரு படி கீழே, பிறகு சில காலம் அதே நிலை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் அடுத்த படியைத் தள்ளிப்போட வழியுண்டு.

லூயி பாடி என்றொரு வகை உண்டு. இன்று தெளிவு, நாளை மந்தம். "வேண்டுமென்றே நடிக்கிறார்" என்று வீட்டார் கோபிப்பார்கள். அறையில் குழந்தைகள் விளையாடுவதாகவும் பிராணிகள் நடமாடுவதாகவும் நோயாளிக்குத் தோன்றும். உடனே பேய் பிசாசு என்றெண்ணி, வீடு மந்திரிக்க நம்மை அழைக்கிறார்கள். மந்திரிக்கலாம், தடையில்லை, ஆனால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். மனப்பிரமையை அடக்கத் தரும் சில மருந்துகள் இவர்களுக்கு உயிராபத்தாகலாம். ஆதலின் கண்டது அனைத்தையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை ஐம்பது வயதிலேயே வரக்கூடும். தொடக்கத்தில் நினைவு நன்றாகவே இருக்கும், குணம் மாறிவிடும். கூச்சம் போகும், இரக்கம் குறையும். இதைப் பாவமென்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. அவருக்குத் தம் குறை தெரிவதில்லை. பாரமெல்லாம் மனைவியின் தோளில்.

வாழ்வின் தரத்தை அளக்க 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை மருத்துவ உலகம் பயன்படுத்துகிறது. உடல்நலம், மனநிலை, குடும்பம், நண்பர்கள் என்று நோயாளியிடமும் பராமரிப்பவரிடமும் தனித்தனியே கேட்பார்கள். நோயாளி தம் வாழ்வுக்குத் தரும் மதிப்பு, வீட்டார் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது! நினைவு தேயும் அளவுக்கு மனநிறைவு தேய்வதில்லை. அதைக் கெடுப்பவை மனச்சோர்வு, சொல்லத் தெரியாத வலி, தனிமை. இவற்றைத் தணிக்க வழியுண்டு. ஆகவே, "அவருக்கு ஒன்றும் விளங்காது, சுவாமி" என்பதை நாம் ஏற்பதற்கில்லை. "நான் யார், சொல்லுங்கள்?" என்று பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு அருகில் அமருங்கள்.

நோயில் பூசுதலைச் சாகுந்தறுவாய்வரை ஒத்திவைக்க வேண்டாம். நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். நிலைமை மோசமானால் மீண்டும் பெறலாம்.

வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும், வீட்டார் பூசைக்கு வரும் நேரத்தில் நோயாளியுடன் இருக்க முன்வந்துள்ளார்கள். தேவைப்படுவோர் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். எந்த நேரம் வரலாம் என்பதையும் சொல்லுங்கள். சிலருக்குச் சாயங்காலமானாலே குழப்பம் கூடிவிடும்.