கானகத்தின் விருந்தினர்



பயணம் போகும்போது வீட்டையும் உடன் கொண்டு செல்வது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. முற்காலத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்படும் குடும்பம் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, அரிசி பருப்பும் பாத்திரங்களும் தண்ணீர்க் குடமும் ஏற்றிக் கொள்ளும். ஆற்றங்கரையில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டால் அங்கே ஒரு வீடு உண்டாகிவிடும். அந்தக் கூண்டு வண்டியின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒரு மோட்டார் வண்டி மேல்நாடுகளில் இன்று பெரிதும் வழங்குகிறது. அதனைக் 'கேம்பர் வேன்' என்பர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறிய குளிர்பெட்டி ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். நிறுத்திய இடமே வீடு; விழித்த இடமே ஊர்.

இத்தகைய வண்டியில், ஆஸ்திரேலியாவில் வசிக்கும் என் மகளின் குடும்பத்தாரோடு, குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடகிழக்குக் கரையோரம் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்தப் பயணம் எனக்குக் கற்பித்த ஒன்றை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன். வீட்டோடு பயணம் செய்பவனுக்கு, தான் செல்லும் இடமெல்லாம் தன் வீடே என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். உண்மையில் அவன் பிறருடைய வீட்டினுள்ளே சென்று கொண்டிருக்கிறான் என்பதே அந்தச் செய்தி.

முதலில் நாட்டுப் படத்தை மனக்கண் முன் விரித்துக் கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் டவுன்ஸ்வில் என்றொரு நகரம் உண்டு. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் சென்றால் கெய்ன்ஸ் நகரம். அதற்கும் வடக்கே 140 கிலோமீட்டர் சென்றால் கேப் டிரிபுலேஷன் என்னும் முனை. இப்பகுதி நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இருப்பதால் நம் பருவங்கள் அங்கே தலைகீழாகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெருமழைக் காலம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட, இதமான காலம். நாங்கள் சென்றது ஜூன் மாதத்தில். நண்பகலில் என் நிழல் தெற்கு நோக்கி விழுந்தது. பூகோளப் பாடத்தில் பல்லாண்டுகள் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய உண்மை, என் காலடியிலேயே படமாகக் கிடந்தது.

இக்கரையோரத்தின் சிறப்புக்கெல்லாம் காரணம் மழை. பசிபிக் பெருங்கடலிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. கடலுக்கு மிக அருகிலேயே ஆயிரத்து அறுநூறு மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலைகள் அதைத் தடுத்து மேலே ஏற்றுகின்றன. ஏறிய காற்று குளிர்ந்து மழையாகிறது. பெல்லெண்டன் கெர் என்னும் மலையுச்சியில் ஆண்டுச் சராசரி மழை 8,000 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னையின் சராசரி ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைவிற் கொண்டால் இதன் அளவு விளங்கும். டல்லி என்னும் சிற்றூரில், 1950-ஆம் ஆண்டு பெய்த மழையின் அளவைக் காட்டுவதற்காக, ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்தில் ஒரு மழைக்கால மிதியடியைச் சிலையாகவே நிறுத்தியிருக்கிறார்கள். மழையையே தம் ஊரின் பெருமையாகக் கொண்ட மக்கள்!

இத்துணை மழை பெய்யும் மலையில் அருவிகளுக்குப் பஞ்சம் ஏது? இங்காம் என்னும் ஊருக்கு மேற்கே மலைமீது உள்ள வாலமன் அருவி 268 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். இன்னும் வடக்கே, ஆதர்டன் மேட்டுநிலத்தில் உள்ள மில்லா மில்லா அருவியோ 18 மீட்டரே உயரமுடையது. ஆயினும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையின் விளிம்பிலிருந்து வெண்துகில் விரித்தாற்போல ஒழுங்காக இறங்கும் அதன் அழகு பெரிது. உயரம் வேறு, அழகு வேறு என்பதை இவ்விரண்டு அருவிகளும் சொல்லாமற் சொல்கின்றன.

அம்மேட்டுநிலத்தில் எரிமலை வெடித்த வாய்களில் நீர் நிறைந்து ஏரிகளான இடங்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று ஈச்சம் ஏரி. அவ்வேரி எவ்வாறு பிறந்தது என்று அங்குள்ள தொல்குடியினர் ஒரு கதை வழங்கி வருகின்றனர். இளைஞர் இருவர் விலக்கப்பட்ட செயலைச் செய்தனராம். நிலம் நடுங்கிப் பிளந்து மக்களை விழுங்கியதாம். 1964-இல் அக்கதையைக் கூறிய முதியவர் ஒருவர், அது நிகழ்ந்த காலத்தில் இவ்விடத்தில் அடர்ந்த காடு இல்லை, வெறும் புதர் நிலமே இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். பின்னர் அறிஞர்கள் ஏரிச் சேற்றில் படிந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தபோது, அங்குள்ள மழைக்காடு எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டதே என்று கண்டனர். எழுத்தில்லாத மக்கள் வாய்மொழியாகவே எத்துணைக் காலத்து நினைவைக் காத்திருக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டில் நம் வண்டியை நிறுத்துமுன், அந்நிலத்தை நெடுங்காலமாக அறிந்தவர்கள் யாவர் என்று கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

மேட்டுநிலத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலை கார்டன்வேல் என்னும் ஊரில் முடிகிறது. சுற்றிலும் கரும்பு வயல்கள். 1935-ஆம் ஆண்டு இவ்வூர்ப் பக்கத்தில் ஒரு செயல் நடந்தது. கரும்பை அழிக்கும் வண்டுகளைத் தின்னும் என்று நம்பி, ஹவாய்த் தீவிலிருந்து ஏறத்தாழ நூறு தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கி வயல்களில் விட்டனர். வண்டுகள் கரும்பின் உச்சியில் இருந்தன; அவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் இருந்தன; தேரையோ தரையில் இருந்தது. ஆகவே வண்டு ஒழியவில்லை. தேரை மட்டும் பெருகிற்று. அதன் உடலில் நஞ்சு உண்டு. அதைக் கடித்த உடும்புகளும் பாம்புகளும் பிற விலங்குகளும் மடிந்தன. இன்று அத்தேரை கண்டத்தின் மேற்குப் பகுதியையும் எட்டிவிட்டது. இதே பாடத்தின் மறுபக்கம் நம் நீலகிரியில் உள்ளது. ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கொண்டுவரப்பட்ட சீகை மரம், மலைப் புல்வெளிகளை இன்றும் விழுங்கி வருகிறது. ஓரிடத்து உயிரை மற்றோரிடத்தில் கொண்டு விடுவது எளிது. திரும்ப அழைப்பது அரிது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். மிஷன் பீச் என்னும் இடத்தில் பொன்னிற மணலும் தென்னை மரங்களும் நீலக் கடலும் நம்மை அழைத்தன. என் பேரன் வண்டி நின்றதும் தண்ணீரை நோக்கி ஓடத் தொடங்கினான். அவன் தாய் அவனை நிறுத்தி, கரையில் நட்டிருந்த ஒரு பலகையைச் சுட்டிக் காட்டினாள். அதில் முதலையின் படம் வரைந்திருந்தது.

"தாத்தா, கடலில் கூடவா முதலை இருக்கும்?" என்று கேட்டான்.

இருக்கும் என்பதே விடை. உவர்நீர் முதலை ஆற்று முகத்திலும் வாழும், கடலிலும் நீந்தும். தோலுக்காக வேட்டையாடி அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்ட நிலையில், 1974-இல் குவீன்ஸ்லாந்து அரசு சட்டத்தால் அவற்றைக் காத்தது. அதன்பின் அவை மீண்டும் பெருகியுள்ளன. அன்றியும், நவம்பர் முதல் மே வரை கரையோர நீரில் பெட்டி வடிவான சொறிமீன்கள் வரும். அவற்றின் நஞ்சு சில நிமிடங்களில் உயிரைப் போக்கவல்லது. அதனாற்றான் கடற்கரைகளில் முதலுதவிக்காக வினிகர் புட்டிகளை வைத்திருக்கின்றனர். சில இடங்களில் வலை கட்டிய எல்லைக்குள் மட்டும் குளிக்க விடுகின்றனர். அழகிய கடல் முன்னே இருந்தும் அங்குள்ளோர் கரையிலேயே நின்று கொள்ளக் கற்றிருக்கின்றனர். என் பேரனும் அன்று மணலில் வீடு கட்டி மகிழ்ந்தான்.

முதலையிடம் மனிதன் அஞ்சுகிறான். ஆனால் மனிதனிடம் அஞ்சவேண்டிய ஒரு பறவையும் அதே கரையில் வாழ்கிறது. அதன் பெயர் காசோவரி. பறக்க இயலாத அப்பறவை மனிதன் உயரம் வளரும். கருமையான உடல், நீலக் கழுத்து, தலையில் கொம்பு போன்ற ஒரு முடி, காலில் கத்தி போன்ற நகம். பெண் பறவை முட்டையிட்டுவிட்டுச் சென்றுவிடும். ஆண் பறவையே ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாத்து, குஞ்சுகளை ஒன்பது மாதம் வரை உடன் அழைத்துச் சென்று வளர்க்கும்.

அதன் உணவு காட்டுக் கனிகள். பெரிய கனிகளையும் முழுதாக விழுங்கி, விதைகளைப் பழுதின்றித் தொலைவில் எச்சமாக இடுகிறது. பிற பறவைகளால் விழுங்க இயலாத பெரிய விதைகள் தாய் மரத்தை விட்டு விலகி முளைப்பதற்கு இப்பறவையே பெருந்துணை. எனவே காசோவரியைக் காட்டின் தோட்டக்காரன் என்று சொல்லலாம். காடு அதை வளர்க்கிறது. அது காட்டை வளர்க்கிறது. இன்று அது அருகிவரும் உயிரினங்களுள் ஒன்றாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டுள்ளது. காடு துண்டு துண்டானதும், நாய்களும், விரைந்தோடும் வண்டிகளும் அதன் பகைகள். அன்பு காட்டுவதாக எண்ணிச் சிலர் வண்டியிலிருந்து பழம் எறிவதுண்டு. அப்பழத்தை நாடிச் சாலைக்கு வரப் பழகிய பறவை, பின்னொரு நாள் அச்சாலையிலேயே மடிகிறது. ஆகவே அதற்கு உணவிடுவது அங்கே குற்றம்.

சாலையோரத்தில் வேகத்தடையைக் குறிக்கும் ஒரு பலகை இருந்தது. யாரோ ஒருவர் அதிலுள்ள மேட்டின் படத்தைச் சிறிது திருத்தி, வீழ்ந்து கிடக்கும் காசோவரியாக மாற்றிவிட்டார். மேலே நிற்கும் பறவைக்கு 'முன்', கீழே கிடக்கும் பறவைக்கு 'பின்' என்று எழுதியும் வைத்தார். அப்பலகையின் படம் பெரும்புகழ் பெற்றுவிட்டது. நீண்ட அறிவுரை செய்ய முடியாததை இரண்டு சொற்கள் செய்தன.

பயணத்தின் கடைசிப் பகுதி டெயின்ட்ரீ ஆற்றங்கரையில் தொடங்குகிறது. அவ்விடத்தில் பாலம் இல்லை. இரும்பு வடத்தைப் பற்றிக்கொண்டு செல்லும் ஒரு மிதவையில் வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். அக்கரையில் உள்ள காடு உலகின் மிகப் பழைய மழைக்காடுகளுள் ஒன்று. பூக்கும் தாவரங்களின் தொன்மையான குடும்பங்கள் பல அங்கே இன்றும் வாழ்கின்றன. பாலம் கட்டவேண்டும் என்போரும் வேண்டா என்போரும் நெடுநாளாக வாதிடுகின்றனர். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் கொணர்ந்த வெள்ளத்தில் அக்கரை மக்கள் தனித்து விடப்பட்டனர். அவர்கள் துன்பமும் உண்மையே. பாலம் வந்தால் வண்டிகள் பெருகும், காட்டின் அமைதி கெடும் என்ற அச்சமும் உண்மையே. எளிய விடை இல்லாத வினாக்களும் உலகில் உண்டு என்பதை மாணவர்கள் அறியவேண்டும்.

கேப் டிரிபுலேஷன் என்பதற்குத் துன்பமுனை என்று பொருள். 1770-இல் காப்டன் குக்கின் கப்பல் அருகிலிருந்த பவளப்பாறையில் மோதியது. தம் தொல்லைகள் இங்கிருந்தே தொடங்கின என்று கருதி அவர் இப்பெயரிட்டார். 1983-இல் அம்முனையிலிருந்து வடக்கே காட்டை வெட்டிச் சாலை போட முற்பட்டபோது, இளைஞர் பலர் எந்திரங்களின் முன் நின்று மறித்தனர். சாலை போடப்பட்டது; மறித்தவர்கள் தோற்றனர். ஆயினும் அவர்கள் எழுப்பிய குரல் உலகெங்கும் கேட்டது. 1988-இல் டவுன்ஸ்வில்லிலிருந்து குக்டவுன் வரை நீளும் அம்மழைக்காடுகள் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. மரம் வெட்டிப் பிழைத்தோர் அதனால் தொழிலிழந்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. 2021-இல் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமை, அம்மண்ணின் தொல்குடியினரான கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. வீட்டுக்குரியவர் கையில் சாவி வந்தது.

அப்படியானால் அங்கெல்லாம் போகாமலே இருப்பது நல்லதா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு நான் சொல்லமாட்டேன். காணாத ஒன்றைக் காக்க யாரும் முன்வருவதில்லை. போகலாம், விருந்தினராகப் போகவேண்டும். விருந்தினன் வீட்டுக்காரர் உறங்கும் நேரத்தில் ஓசையிடமாட்டான்; தன் அழுக்கு நீரை அவர்கள் முற்றத்தில் கொட்டமாட்டான். எங்கள் வண்டியின் கழிவு நீரை ஒரு தொட்டியிற் சேர்த்து, அதற்கென அமைத்த இடத்திலேயே கொட்டினோம். விலங்குகள் சாலையைக் கடக்கும் அந்தி நேரத்திற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவதை என் மருமகன் ஒரு விதியாகவே வைத்திருந்தார். அதனால் நாங்கள் காண எண்ணிய இடங்கள் இரண்டொன்று விடுபட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. அவ்வாறு முன்கூட்டியே நிறுத்திய ஒரு மாலையில், காட்டின் விளிம்பிலிருந்து ஓர் ஆண் காசோவரி மூன்று குஞ்சுகளோடு வந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் சாலையைக் கடந்து சென்றது. என் பேரன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றான். அவனிடம் யாரும் அமைதியாயிரு என்று சொல்லவில்லை.

மாணவர்களே, உங்களிற் சிலர் பிற்காலத்தில் சாலை அமைக்கும் பொறியாளராவீர்கள். சிலர் வண்டி ஓட்டுவீர்கள். சிலர் சட்டம் இயற்றுவீர்கள். எத்தொழில் செய்யினும், ஒரு புதிய நிலத்தில் கால் வைக்குமுன் இது யாருடைய வீடு என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வி உங்கள் வண்டியின் வேகத்தைச் சிறிது குறைக்கும். அந்தச் சிறிது வேகக் குறைவில், சாலையைக் கடக்கும் ஒரு தந்தையும் மூன்று குஞ்சுகளும் அக்கரை சேர்ந்துவிடலாம்.