திருவிழாக் கடைகளும் பிள்ளையின் கையும்



ஆகஸ்டு 5 தூத்துக்குடி பனிமய மாதா, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை, டிசம்பர் 3 கோட்டாறு புனித சவேரியார் என்று நம் திருவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கோவிலில் கொடி ஏறுவதற்கு முன்பே கோவிலுக்கு வெளியே கொட்டகைகள் ஏறிவிடுகின்றன. இன்று அந்தக் கொட்டகைகளைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம். மறையுரையில் கடைகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆனால் உண்மையைச் சொல்வோமே, சின்ன வயதில் நம்மில் பலருக்குத் திருவிழா என்றாலே அந்தக் கடைகள்தாம்.

நவநாள் திருப்பலியில் சாமியாரின் பிரசங்கம் நீளும்போது, வெளியே ராட்டினக்காரர் அடிக்கும் மணி நம் காதில் விழும். கால் ஓரிடத்தில் நிற்காது. பூசை முடிந்ததும் ஒரே ஓட்டம். பொம்மை கைதட்டும் கம்பில் சுற்றிய ஜவ்வு மிட்டாயைக் கைக்கடிகாரமாகக் கட்டிக்கொள்வோம். பிறகு அந்தக் கடிகாரத்தையே தின்றுவிடுவோம். தண்ணீர்த் தொட்டியில் திரியை ஏற்றினால் 'டப்டப்' என்று சுற்றி வரும் தகரப் படகின் முன்னால் வாய் பிளந்து நிற்போம். பஞ்சு மிட்டாய், பேரீச்சம்பழம், பலூன் சுடும் துப்பாக்கி, சோப்புக் கட்டியைப் பார்த்து எறியும் வளையம் என்று எல்லாம் வேண்டும். சப்பரம் நம் தெருவுக்கு வரும்போது உப்பும் மிளகும் கையில் கொடுத்து அப்பா தோளில் தூக்கிக்கொள்வார். அங்கிருந்து மாதாவின் முகமும் தெரியும், ராட்டினத்தின் உச்சி விளக்கும் தெரியும். இரண்டும் நமக்கு ஒரே சந்தோஷம்தான்.

அன்று நாம் கவனிக்காதது ஒன்று உண்டு. அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்த காசு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. நமக்குப் படகு வாங்கிய கையோடு, அம்மா தனக்குப் பார்த்து வைத்த வளையலைத் திரும்ப வைத்துவிட்டு, "எனக்கு என்னத்துக்குப்பா" என்று சொன்னதை நம்பிவிட்டோம். நாம் ராட்டினத்தில் ஏறியபோது அப்பா ஏறவில்லை. அவருக்குத் தலை சுற்றும் என்றார்கள். ஒரு டிக்கெட்டின் காசு மிச்சம் என்பது நாம் பெற்றோரான பிறகுதான் விளங்குகிறது.

இன்று அதே தெருவில் நாம் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடக்கிறோம். இப்போது ராட்டினத்தை நாம் பார்ப்பதில்லை. ராட்டினத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறோம். பிள்ளை மேலே போகும்போது நம் நெஞ்சும் மேலே போகிறது, கீழே வரும்போது நம்மைத் தேடும் அந்தக் கண்களுக்காகக் கையை ஆட்டுகிறோம். பெற்றுக்கொண்டு மகிழ்ந்தவர்கள், கொடுத்து மகிழக் கற்றுக்கொள்ளும் இடம் அது. தந்தையாகிய கடவுள் நம்மை எப்படிப் பார்த்து மகிழ்கிறார் என்பதைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ளும் இடமும் அதுதான்.

ஆனால், அன்பர்களே, இந்த மகிழ்ச்சியை நாம் எளிதில் இழந்துவிடவும் கூடும். பிள்ளை உச்சியிலிருந்து "அப்பா" என்று கூப்பிடும் நேரம் நம் கண் கைப்பேசியில் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரிமோட் கார் வாங்கினார்கள் என்பதற்காக, கடன் வாங்கியாவது நாமும் வாங்கலாம். "நை நை என்று கேட்காதே, இந்தா பிடி" என்று பொருளைக் கொடுத்து வாயை அடைக்கலாம். அப்போது பிள்ளையின் கையில் பொம்மை இருக்கும். நம் கை இருக்காது.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திருவிழாக் குடும்பத்தைப் பார்க்கிறோம். யோசேப்பும் மரியாவும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேமுக்குப் போகிறவர்கள். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோதும் வழக்கப்படி போனார்கள். திரும்பும் வழியில், பிள்ளை பயணக் கூட்டத்தில் யாரோடாவது இருப்பார் என்று எண்ணி ஒரு நாள் தூரம் நடந்துவிட்டார்கள். உறவினரிடமும் தெரிந்தவரிடமும் தேடினார்கள், காணவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் கோவிலில் கண்டுபிடித்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில், "சிவப்புச் சட்டை போட்ட நாலு வயசுப் பையன் இங்கே அழுதுகொண்டிருக்கிறான்" என்று அறிவிப்பு வரும்போது நம் வயிறு கலங்குகிறதே, அந்தக் கலக்கத்தை அன்னை மரியா மூன்று நாள் அனுபவித்தார். பிள்ளையைத் தேடும் ஒவ்வொரு தாயையும் அவர் அறிவார்.

அந்தப் பெற்றோரிடம் அன்பு குறையவில்லை, கவலையும் குறையவில்லை. கூட்டத்தில் யாரோடாவது இருப்பார் என்ற எண்ணம்தான் அவர்களை ஒரு நாள் தூரம் நடக்க வைத்தது. நாமும் அப்படி எண்ணிக்கொண்டே பல நாள் நடந்துவிடுகிறோம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறான், டியூஷனில் இருக்கிறான், அவன் அறையில் இருக்கிறான் என்று இருந்துவிடுகிறோம். ஒரே வீட்டுக்குள்ளேயே ஒரு நாள் தூரம் விழுந்துவிடுகிறது. மரியாவும் யோசேப்பும் தெரிந்தவுடன் வந்த வழியே திரும்பினார்கள். நமக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கோவிலில் அந்தச் சிறுவன் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். பாஸ்கா விழாவே பிள்ளைகளின் கேள்விக்கு இடம் வைத்த விழா. இந்த வழிபாட்டின் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது, ஆண்டவர் நம்மைக் காத்ததைச் சொல்லுங்கள் என்று விடுதலைப் பயண நூல் பெற்றோருக்குக் கட்டளை தருகிறது. நம் பிள்ளைகளும் கேட்கத்தான் செய்கிறார்கள். "ஏம்மா சப்பரத்தில் உப்பு போடுகிறார்கள்? ஏன் அந்தத் தாத்தா தேருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டே வருகிறார்?" அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் இரண்டு நிமிடம், எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு.

இன்னொன்றும் உண்டு. இணைச்சட்ட நூல் 16-ஆம் அதிகாரம் கூடார விழாவைப் பற்றிச் சொல்லும்போது, நீயும் உன் மகனும் மகளும் மட்டும் மகிழுங்கள் என்று நிறுத்திவிடவில்லை. உன் வேலையாள், உன் ஊரிலுள்ள அந்நியர், அநாதை, கைம்பெண் எல்லோரும் உன்னோடு மகிழட்டும் என்கிறது. பலூன் கடைக்காரரின் பிள்ளை எங்கே தூங்குகிறது என்று நாம் பார்த்திருக்கிறோமா? வண்டிக்கு அடியில், சாக்கு விரிப்பில், நம் காலடிச் சத்தத்துக்கு நடுவில். ஒரு கோவில் கொடி இறங்கினால் அடுத்த கோவில் கொடிக்கு மூட்டை கட்டும் குடும்பம் அது. ஊர் ஊராகத் திருவிழா பார்க்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு திருவிழாவும் சொந்தமில்லை. ராட்டினத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறக் காசில்லாமல் அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளும் நம் பங்கிலேயே உண்டு.

ஆகவே, அன்பர்களே, இந்த ஆண்டு திருவிழாவுக்குப் போகும்போது மூன்று காரியம் செய்வோம். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடிப்போம். இவ்வளவுதான் காசு என்பதை மறைக்காமல் சொல்லி, எதை வாங்குவது என்று பிள்ளையோடு சேர்ந்து தீர்மானிப்போம். கடனில் வாங்கும் பொம்மை வேண்டாம். நம் பிள்ளைக்கு ஒரு ராட்டினச் சீட்டு எடுக்கும்போது, முடிந்தால் இன்னொரு பிள்ளைக்கும் ஒன்று எடுத்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்போம். வயதான அம்மா வீட்டில் இருந்தால், அன்று அவர் திரும்ப வைத்த வளையலை நினைத்து ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போவோம். "எனக்கு என்னத்துக்கு" என்றுதான் சொல்வார். இந்த முறை நம்ப வேண்டாம்.

திருவிழாவில் மகனைத் தேடிக் கண்டடைந்த அன்னை மரியா, நம் பிள்ளைகளையும் தம் கரத்தில் பிடித்துக்கொள்வாராக. ஆமென்.