தீயைத் தடுத்த உப்பும் வாயுவைக் காத்த கோபுரமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் இரசாயனம் பேச எழுந்ததைக் கண்டு உங்களுள் சிலர் புன்னகை புரிவதை யான் காண்கின்றேன். இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுவதே என் தொழில். திராவகமும் உப்பும் என் தொழில் அல்ல. ஆயினும் எங்கள் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், 'வினையூக்கி' என்னும் சொல் பொருத்தமான ஆக்கந்தானா என்று என்னை வினவினார். அவர்க்கு விடை கூறும்பொருட்டுச் சில நூல்களைப் புரட்டியபோது, ழோசப் லூயி கே லுசாக் என்னும் பிரெஞ்சு அறிஞருடைய வரலாறு என் கருத்தைக் கவர்ந்தது. அவர் தொழிலுலகிற்கு அளித்தவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வேன். ஒன்று ஆலைகளின் பொருளைக் காத்தது. மற்றொன்று உடையணிவோர் உயிரைக் காக்க வல்லது. அவ்விரண்டையும் உலகம் எவ்வாறு ஏற்றது என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

கே லுசாக் 1778-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் பிரான்சு தேசத்தில் லிமோசின் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். புரட்சிக் காலத்தில் தந்தையார் சிறைப்பட, குடும்பம் இடருற்றது. எனினும் பிள்ளை பாரிசுக்குச் சென்று, எக்கோல் பாலிடெக்னிக் என்னும் கல்லூரியிற் பயின்று, பெர்த்தோலே என்னும் பேரறிஞர்க்குத் துணைவராயினார். 1804-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் தன்னந்தனியே ஆகாயக் கூண்டில் ஏறி ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரஞ் சென்று, ஆங்குள்ள காற்றைக் குப்பியில் அடைத்துக் கொணர்ந்து, அதன் கலவை தரையிலுள்ள காற்றின் கலவையே என்று நிறுவினார். 1808-இல் பொட்டாசியம் வெடித்துக் கண்பார்வை போகும் நிலைக்கு வந்து தேறினார். அவ்வாண்டை அடுத்து அவர் மணந்த நங்கை துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர்; அவர் கடைப்பலகையின் அடியில் இரசாயன நூலொன்றை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டே கே லுசாக் உள்ளம் பறிகொடுத்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். பெண்மக்களுக்கு நூல் எதற்கு என்று இன்றும் வினவும் வீடுகள் உளவாகலின் இதனைச் சற்று அழுத்திக் கூறினேன், மன்னிக்க.

இனி, வினையூக்கி என்பது யாது? இரு பொருள்கள் ஒன்றோடொன்று கூட வல்லனவாயினும், தாமே கூடுதற்கு நெடுங்காலம் ஆகும். மூன்றாவதொரு பொருள் சிறிதளவு இடைப்புகின், அவை விரைந்து கூடும். கூட்டிய பொருளோ குறைவின்றி வெளிப்போந்து அடுத்த இணையைக் கூட்டச் செல்லும். கலியாணத் தரகரை எண்ணிக்கொண்டால் போதும். இரு குடும்பத்தையும் இணைப்பார், இரண்டிலும் தங்கார், மறுநாள் வேறு தெருவில் அவரைக் காணலாம். சுவீடன் தேசத்துப் பெர்சீலியஸ் 1835-இல் இச்செயலுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயர் அமைத்தார். அப்பெயரின் வேர் 'அவிழ்த்தல்' என்னும் பொருளது. அவிழ்த்தல் என்பதினும் வினையை ஊக்குதல் என்பது செயலை நேரே உணர்த்துதலின், நம்மவர் ஆக்கிய சொல்லே தெளிவுடைத்து என்று நண்பர்க்கு விடையிறுத்தேன்.

பெயர் பிறப்பதற்கு முன்னரே தொழில் நடந்துகொண்டிருந்தது. கந்தகத் திராவகம் இன்றேல் சாயமில்லை, சோடாவில்லை, வெளுப்புத்தூள் இல்லை, செயற்கை உரமும் இல்லை. அதனைப் பெருமளவிற் காய்ச்சும் முறையை 1746-இல் ஜான் ரோபக் என்பார் பர்மிங்காம் நகரில் தொடங்கினார். ஈயத்தகடு வேய்ந்த பெரிய அறைக்குள் கந்தகப் புகையைச் செலுத்தி, நீராவியுங் கூட்டுவர். கந்தகப் புகை காற்றிலுள்ள பிராணவாயுவை இன்னும் ஒரு பங்கு ஏற்றாலன்றித் திராவகம் ஆகாது. தானே ஏற்பதோ மிக மெல்ல நிகழ்வது. ஆகவே வெடியுப்பிலிருந்து பிறக்கும் நைட்ரஜன் வாயுவை உடன் சேர்த்தனர். அவ்வாயு தன் பிராணவாயுவைக் கந்தகப் புகைக்கு ஈந்து, தான் இழந்ததைக் காற்றிலிருந்து பெற்று, மீண்டும் ஈயும். அது எரிபொருள் அன்று, பிராணவாயுவைச் சுமந்துசெல்லும் கூலியாளே என்பதை 1806-இல் கிளெமான், தெசோர்ம் என்னும் இருவர் விளக்கினர்.

கூலியாள் களைப்பதில்லையேல் புதிது புதிதாக வெடியுப்பு வாங்குவானேன்? விடை புகைபோக்கியில் இருந்தது. வேலை முடிந்த வாயு வீணே வானிற் கலந்தது. வெடியுப்போ விலையுயர்ந்த சரக்கு. கே லுசாக் 1827-இல் கூறிய உபாயம் மிக எளிது. அறைக்கும் புகைபோக்கிக்கும் இடையே உயர்ந்ததொரு கோபுரம் எழுப்பி, உள்ளே கற்கரியை நிரப்புக. மேலிருந்து செறிந்த கந்தகத் திராவகத்தைச் சொட்டச் சொட்ட விடுக. கீழிருந்து வாயு ஏறுக. திராவகம் நைட்ரஜன் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அத்திராவகத்தை மீண்டும் அறைக்குக் கொணர்ந்தால் வாயு திரும்பக் கிடைக்கும். விளைந்த பொருளாகிய திராவகமே, அதனை விளைத்த வாயுவைப் பிடிக்கும் வலையும் ஆயிற்று! இதனினும் சிக்கனம் உண்டோ?

செயின்ட் கோபேன் என்னும் கண்ணாடிக் கம்பெனியார்க்கு அவர் ஆலோசகராக இருந்தமையால், அவர்களுடைய ஷோனி ஆலையில் சில ஆண்டுகள் கழித்துக் கோபுரம் எழுந்தது. (ஸ்ரீபெரும்புதூரில் இன்று கண்ணாடி செய்வோரும் அக்கம்பெனியாரே.) ஆனால் ஏனைய ஆலையினர் விரைந்து பின்பற்றினாரல்லர். திராவகத்தினின்று வாயுவை விடுவிக்க நீர் கலத்தல் வேண்டும். நீர் கலந்தால் திராவகம் நீர்த்துப்போம். மீண்டும் காய்ச்சிச் செறிவாக்க விறகும் கரியுஞ் செலவாம். ஒரு கை காத்ததை மறு கை இறைத்தது. ஆங்கிலேயராகிய ஜான் குளோவர் 1859-இல் இரண்டாவது கோபுரமொன்றை அறைக்கு முன்னே அமைத்து இக்குறையைத் தீர்த்தார். எரியும் கந்தகத்தின் வெம்மையே ஆங்கு வாயுவை விடுவித்தது, திராவகத்தையும் செறிவாக்கிற்று. அதன்பின் இரு கோபுரமும் இணைபிரியாமல் ஐரோப்பா எங்கும் எழுந்தன. கணக்கேட்டில் இலாபம் கண்ட பிறகு எவரும் வாதிடவில்லை.

இனி உப்பின் கதைக்கு வருவோம். அக்காலத்து நாடக அரங்குகள் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும், பின்னர் வாயு விளக்கும் ஏற்றப்பெற்ற துணிக்காடுகள். திரை துணி, காட்சி துணி, ஆடுமகளிர் உடையோ காற்றிலும் மெல்லிய மஸ்லின். அரசர் பதினெட்டாம் லூயி அரங்குத் துணிகளைத் தீயினின்று காக்க வழியுண்டோ என்று வினவ, கே லுசாக் பல உப்புக்களைச் சோதித்து 1821-இல் முடிவை வெளியிட்டார். படிகாரமும் வெண்காரமும் தீயை மட்டுப்படுத்தும் என்பது முன்னரே அறிந்ததுதான். ஆங்கில நாட்டில் 1735-இலேயே அதற்கு ஓர் உரிமைச்சீட்டு வழங்கப்பெற்றது. ஆனால் எது, ஏன் தடுக்கும் என்று வகுத்துக் காட்டியவர் இவரே.

விறகு எரிகிறது என்கிறோம். கூர்ந்து நோக்கின் எரிவது விறகன்று. வெம்மையால் விறகினின்று எழும் ஆவியே எரிகிறது. அவ்வெரியின் வெம்மை மேலும் ஆவியை எழுப்புகிறது. துணியும் அத்தகையதே. இச்சங்கிலியை அறுப்பின் துணி கருகுமேயன்றிச் சுவாலை விட்டுப் பரவாது. கே லுசாக் இரண்டு வகை உப்புக்கள் இதற்கு ஏற்றவை என்றார். ஒருவகை, வெண்காரம் போன்று, சூட்டில் உருகிக் கண்ணாடிப்பூச்சாய் இழையை மூடும். மற்றொரு வகை, நவச்சாரம் போன்று, எரியாத ஆவியாகிச் சுவாலையை நீர்க்கச் செய்யும். எல்லாவற்றினும் சிறந்ததாக அவர் கண்டது அம்மோனியம் பாஸ்பேட்டு. அது சூட்டில் அம்மோனியாவை விட்டுப் பாஸ்பாரிக் திராவகம் ஆகும். அத்திராவகம் பஞ்சிழையினின்று நீரைப் பிரித்து வெறுங்கரியாக்கும். எரியும் ஆவி எழுவதற்கே இடமிராது. இக்கரியாக்கத்தில் அத்திராவகம் வினையூக்கியாகவே நிற்கிறது என்பது பிற்காலத்தார் கண்டது. ஒரு வினையை ஊக்கி மற்றொரு வினையை அடக்குதல்! முன்னர்ச் சொன்ன தரகரே ஈண்டுத் தீயின் கலியாணத்தைக் கலைத்து, துணியை வேறிடத்தில் மணமுடித்துவிடுகிறார்.

துணியை 'எரியாததாக்குதல்' என்று சொன்னபோதும், தீயால் மாறுபடாமை தாம் கருதியதன்று, தீயைப் பரப்பாமையே கருதியது என்று அவர் வரையறுத்து உரைத்தார். சொல்லை அளந்து வழங்கும் அப்பண்பு தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் உவப்பாயிற்று.

அரங்குகள் இவ்வுப்பை உடனே ஏற்றனவோ? இல்லை. 1844-இல் இலண்டன் துரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் ஆடுமகள் உடை தீப்பற்றி மாண்டாள். குளோவர் கோபுரம் எழுந்த அதே 1859-இல்தான், உப்பேற்றிய உடையும் காட்சித்துணியுமே அரங்கில் வேண்டும் என்று பிரெஞ்சு அரசு ஆணையிட்டது. உப்பேற்றும் முறையை அமைத்தவர் கார்த்தெரோன் என்பார். ஆணை பிறந்தும் ஆடுமகளிர் இசைந்தாரல்லர். உப்பேறிய மஸ்லின் விறைத்து நின்றது, நிறம் மங்கிற்று.

எம்மா லிவ்ரி என்பாள் பாரிசு ஆபரா அரங்கின் கண்மணி. 1860-இல் அவள் பட்டாம்பூச்சியாய் ஆடிய நாடகத்தில், தீவட்டிச் சுடரில் சிறகு கருகும் காட்சியொன்று உண்டு. அவ்வாண்டிலேயே, வழக்கமான உடையிலேயே ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று அரங்கத் தலைவர்க்கு எழுதிக்கொடுத்தாள். 1862 நவம்பர் 15-ஆம் நாள் ஒத்திகையில் அவளுடைய பாவாடை வாயு விளக்கிற் பட்டது. சுவாலையோடு மேடை எங்கும் ஓடினாள். எட்டுத் திங்கள் துன்புற்று 1863 ஜூலை 26-ஆம் நாள் உயிர் நீத்தாள், வயது இருபது. கருகிய உடையின் எச்சம் இன்றும் அவ்வரங்கின் காட்சிச்சாலையில் உள்ளது. கே லுசாக் 1850-இலேயே காலமானார். அவர் உப்பை வெளியிட்டு அப்பொழுது நாற்பத்தொன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்பெண்ணின் பிடிவாதம் என்று இதனை ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஆடுமகளுக்கு உடையின் மென்மையே பிழைப்பு. கோபுரத்தின் குறையை நீக்கக் குளோவர் வந்தார். ஏனெனில் நீக்கினால் பணம். உப்பின் குறை நெடுநாள் அப்படியே கிடந்தது. அதனை நோக்கியவர் சிலரே. இலண்டனில் வெர்ஸ்மன், ஒப்பன்ஹைம் என்னும் இருவர் 1859-இல், கஞ்சிபோட்டு இஸ்திரி இடும் வெளுப்பவரின் நிலையில் நின்று ஆராய்ந்து, சோடியம் தங்ஸ்டேட்டு என்னும் உப்பு இஸ்திரிக்குத் தாங்கும் என்று கண்டனர். விக்டோரியா அரசியாரின் சலவைச்சாலையில் அது வழங்கிற்று. ஆயின் ஒவ்வொரு முறை துவைத்த பின்னும் மீண்டும் ஏற்றல் வேண்டும். அரண்மனைக்கு அது எளிது. ஏழைத் தாய்க்கு எளிதோ?

அவ்வேழைத் தாயர் தம் மக்களுக்கு வாங்கியது பிளானலெட் என்னும் மலிவான பருத்தித் துணி. மேலே மென்மயிர் எழுப்பியது. குளிருக்கு இதம், தீக்கு விருந்து. மான்செஸ்டர் பேராசிரியர் வில்லியம் ஹென்றி பெர்க்கின் இளையவர், துணியைச் சோடியம் ஸ்டானேட்டிலும் பின்னர் அம்மோனியம் சல்பேட்டிலும் தோய்த்து, வெள்ளீய ஆக்சைடு இழைக்குள்ளேயே படியச் செய்து, துவைத்தாலும் நீங்காத காப்பை 1912-இல் நியூயார்க் மாநாட்டில் எடுத்துரைத்தார். துணிக்கு ஊதா வண்ணம் கண்ட பெர்க்கின் இவர் தந்தையார். தந்தையின் சாயத்தை உலகம் அள்ளிக்கொண்டது. மைந்தர் தந்த காப்புத்துணிக்கு விலை சற்று ஏறியமையால், யாருக்கு வேண்டுமோ அவர்க்கு அது எட்டவில்லை.

மறுபுறமும் ஒன்று உண்டு. கூறாது விடுதல் நேர்மையன்று. அமெரிக்காவில் 1970-களில் குழந்தைகளின் இரவுடைக்குத் தீக்காப்பு வேண்டும் என்று சட்டம் வந்தது. புரோமின் கலந்த டிரிஸ் என்னும் பொருளை ஆலைகள் ஏற்றின. அது உயிரணுக்களின் மரபுப்பொருளைக் கெடுக்கும் என்று பிளம், ஏம்ஸ் என்னும் இருவர் 1977 தொடக்கத்தில் வெளியிட, அவ்வாண்டிலேயே குழந்தை உடைகளில் அது தடைசெய்யப்பெற்றது. நாற்பதாண்டு தயங்கியதும் குற்றம், நன்கு ஆராயாமுன் குழந்தையின் மேனியில் உடுத்தியதும் குற்றம்.

கே லுசாக்கின் இரண்டு கண்டுபிடிப்பும் இன்று எவ்வாறுள்ளன என்று கேட்பீர்கள். ஈய அறைகள் இருபதாம் நூற்றாண்டில் மறைந்தன. வனேடியம் ஆக்சைடை வினையூக்கியாகக் கொண்ட வேறு முறை அவ்விடத்தைக் கொண்டது. வெடியுப்பு வாயு வேண்டாதபோது அதனைக் காத்த கோபுரமும் வேண்டாதாயிற்று. இலாபங் கருதி யாவரும் எழுப்பியது போயிற்று. அரங்கு வேண்டாமென்ற உப்போ நிலைத்து நிற்கிறது. கலிபோர்னியாவில் காட்டுத்தீ எழும்போது விமானங்களிலிருந்து செந்நிற மழைபோல் ஒரு நீர்மம் பொழிவதைப் படங்களிற் கண்டிருப்பீர்கள். செந்நிறம், பொழிந்த இடம் விமானியின் கண்ணுக்குத் தெரியும்பொருட்டுச் சேர்த்த காவி. தீ வருமுன் புல்லையும் மரத்தையும் போர்த்து, அவை சுவாலை விடாமற் கருகச் செய்யும் பொருள், கே லுசாக் 1821-இல் மஸ்லின் துணிக்குப் பரிந்துரைத்த அம்மோனியம் பாஸ்பேட்டு.