சிக்கனமும் சேவையும்

மக்களாட்சியில் மந்திரிகள் மாறுவர், கட்சிகள் மாறும். இடையறாது நடைபெற வேண்டியது நிர்வாகம். 1951–52-இல், 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்காக நம் முதல் பொதுத் தேர்தலை நடத்தியவர் சுகுமார் சென் என்னும் அதிகாரி. வெல்பவர் யார் என்பது அவர் கவலையன்று. தேர்தல் முறையாக நடைபெறுவதே அவர் கடமை.

இத்தகைய ஊழியர் படையைச் சுருக்குக என்னும் கோரிக்கையும் நியாயமானதே. வரிப்பணம் ஏழையின் வியர்வையன்றோ? பத்தாண்டுகளில் 30 சதவீதம் குறைக்கலாம் என்று 1997-இல் ஐந்தாவது ஊதியக் குழு பரிந்துரைத்தது. 2001-இல் மத்திய அரசாங்கம், நேரடி நியமனத்தைக் காலியிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதுவும் மொத்தப் பணியிடங்களில் 1 சதவீதத்துக்குள் அடக்கியது. 2009 வரை இக்கட்டுப்பாடு நீடித்தது.

ஆனால், ஓய்வு பெற்றவரின் நாற்காலி தேவையற்ற நாற்காலியாகிவிடுமா? அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவின்படி, நாட்டில் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குடிமக்கள் தம் குறையை எழுதி முறையிடலாம். ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதிய மனு தமிழில் டில்லிக்கு வருகிறது என்று கொள்வோம். அதைப் பெயர்த்துரைக்க ஆளில்லையேல், உரிமை ஏட்டில் இருக்கும். மனுவோ கட்டில் கிடக்கும். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நாங்கள் இதை நன்கு அறிவோம்.

ஆகவே, ஆட்களைக் குறைக்குமுன் கோப்பு ஏறி இறங்கும் படிகளைக் குறைப்போம். ஒவ்வொரு பதவியையும் நீக்குமுன், இதனால் எந்தக் குடிமகன் வாசலில் காத்து நிற்க நேரும் என்று கேட்போம். ஊழியர்களாகிய நாமும், நம் பதவிக்குரிய பாதுகாப்பு சோம்பலுக்கன்று, அஞ்சாது உண்மையை எழுதுவதற்கே என்பதை மறவாதிருப்போம்.