வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த எஞ்சின்? எத்தனை மானிகள்?



கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு மோட்டார் பட்டறையில் தொழில் பழகிய இளைஞர், “காரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எனக்கு ஒரு சிறு விமானத்தைக் கட்ட முடியாதா?” என்று கேட்டால், அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 1903இல் பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்சன் பட்டறையின் துணையோடு ஒரு விமானம் செய்து, 1910இல் பல்லாவரத்தில் பறந்தார். இன்றும் பல நாடுகளில் தாமே கட்டிய விமானத்தில் பறப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவர்கள் எல்லோரும் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த எஞ்சினைப் பூட்டுவது? விமானியின் கண்முன் எந்த மானிகளை வைப்பது?

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். காரின் எஞ்சின் நல்லதுதானே, அதையே பூட்டினால் என்ன? சாலையில் சீராக ஓடும் கார், தன் எஞ்சினின் முழுத்திறனில் ஒரு சிறு பங்கைத்தான் கேட்கிறது. விமானமோ முக்கால் பங்குத் திறனை மணிக்கணக்கில் இடைவிடாமல் கேட்கிறது. மேலும், கார் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் முழுத்திறனைத் தரும். விமானத்தின் விசிறியை அவ்வளவு வேகமாகச் சுழற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இழுக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே, இடையில் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

100 குதிரைத்திறன் கொண்ட காண்டினெண்டல் ஓ-200 எஞ்சின், நிமிடத்துக்கு 2,750 சுற்றில் விசிறியை நேராகவே சுழற்றுகிறது. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912, 5,800 சுற்றில் 80 குதிரைத்திறன் தருகிறது, அதனுடன் பல்சக்கரப் பெட்டியும் உண்டு, எடையும் குறைவு. இரண்டிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் உள்ளன. ஒரு மின்பொறி அமைப்பு பழுதானாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டும். 1990களில் மலேசியாவில் தயாரான எம்.டி.3-160 பயிற்சி விமானத்திலும், பல்லாண்டு பழகிய லைகாமிங் வகை எஞ்சினையே பூட்டினார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, நம் ஊரின் தட்பவெப்பம். எஞ்சினின் கணக்கெல்லாம் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. சுபாங்கில் நண்பகலில் 32 டிகிரி என்றால், தரையில் நிற்கும்போதே விமானம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக் காற்றில் இருப்பதற்குச் சமம். இறக்கை, விசிறி, எஞ்சின் மூன்றுமே சற்றுச் சோர்ந்துவிடும். ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும். எஞ்சினின் திறனைக் கணக்கிடும்போது இதற்கும் இடம் விட வேண்டும்.

இன்னொன்று கேட்டால் வியப்பாக இருக்கும். நம் வெயில் நாட்டிலும் எஞ்சினுக்குள் பனிக்கட்டி உறையும்! கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்று விரையும்போதும், வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் இறங்கிவிடும். ஈரம் மிகுந்த நம் காற்றில் உள்ள நீராவி அங்கே உறைந்து, காற்றின் வழியை அடைக்கும். இறங்குவதற்காக எஞ்சினைத் தணிக்கும் நேரத்தில்தான் இந்த ஆபத்து மிகுதி. புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் திருப்புவதே இதற்கு மருந்து. அந்த ஏற்பாடு இல்லாமல் கார்புரேட்டர் எஞ்சினைப் பூட்டக்கூடாது.

பனி உறைவதை விமானி எப்படி அறிவார்? இங்குதான் மானிகள் வருகின்றன. சாதாரண விசிறி கொண்ட விமானத்தில், காரணமின்றிச் சுழற்சிமானியின் முள் மெல்ல இறங்குவதே முதல் அடையாளம். 1903ஆம் ஆண்டு விமானத்தில் ரைட் சகோதரர்கள் வைத்த கருவிகள் மூன்றே: காற்றின் வேகத்தை அளப்பது ஒன்று, நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று, எஞ்சினின் சுழற்சியை எண்ணுவது ஒன்று. இன்று வேகமானி, உயரமானி, திசைகாட்டி, சுழற்சிமானி, எண்ணெய் அழுத்தமானி, எண்ணெய் வெப்பமானி, எரிபொருள் மானி ஆகியவை அடிப்படைத் தேவைகள். எண்ணெய் அழுத்தம் விழுந்தால் உடனே இறங்க இடம் தேட வேண்டும். ஆதலால் அந்த மானி பார்வையின் ஓரத்தில் இருக்கலாகாது.

மானியை வாங்குவதைவிட அதை எங்கே வைப்பது என்பது பெரிது. 1997 அக்டோபரில், அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானத்தில் தனியே பறந்தபோது கடலில் விழுந்து இறந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு, வடிவமைப்பாளர் காட்டிய இடத்தில் இல்லாமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் அளவும் அவர் இருக்கையிலிருந்து எளிதில் தெரியாது. திருகைத் திருப்ப உடலைத் திருப்பியபோது கால் மிதியில் அழுந்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கும் என்பதே விசாரணையின் முடிவு. எஞ்சினில் குறையில்லை, ஒரு திருகின் இடம் உயிரைக் குடித்தது.

ஆகவே, விமானம் கட்ட விரும்பும் இளைஞர்களே! பழகித் தேர்ந்த எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் உள்ளதை உங்கள் வசதிக்காக மாற்றாதீர்கள். இருக்கையில் வாரை இறுக்கிக்கொண்டு அமர்ந்து, ஒவ்வொரு மானியும் கண்ணுக்குத் தெரிகிறதா, ஒவ்வொரு திருகும் கைக்கு எட்டுகிறதா என்று தரையிலேயே பாருங்கள். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி மேலே எழும்பாதீர்கள். சாலையில் கார் பழுதானால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் ஓரம் இல்லை.